ஒரு சாண் இடத்தில் ஒரு ரெக்கவரி வண்டி

பல்செட்காரர் அன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்கவில்லை. நேரே கண்ணாடி அலமாரிக்குப் போய் நடுத் தட்டில் ஒரு சாண் இடம் ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, விரற்கடை விரற்கடையாகத் தள்ளிவைத்து, கிடைத்த இடத்தில் சிவப்பு வெல்வெட் துணி விரித்தார். தூர நின்று பார்த்தார். திரும்பக் கிட்டே போய்த் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். தன் கல்யாணத்தன்று தன் சட்டையைக்கூட அவர் இப்படி நீவியிருக்க மாட்டார்.

"நூத்தியோராவது வண்டிக்கு இடம் இருக்கு. என் பரீட்சைப் பேப்பரை வைக்க மட்டும் இந்த வீட்டுல இடம் கிடையாது" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுமுறை நாளிலும் மடியில் விடைத்தாள் கட்டும் கையில் சிவப்புப் பேனாவுமாகத்தான் உட்கார்ந்திருப்பாள்.

"இது சாதாரண வண்டி இல்லம்மா. கையால பண்ணினது. துரு எப்படிப் போட்டிருக்காங்க தெரியுமா?"

"துருப்பிடிச்சதைப் போய் வாங்கறதுக்கு இவ்வளவு குதூகலமா!"

பல்செட்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் பொக்கை வாய்களுக்கு மெழுகில் செதுக்கிப் பல்வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். வெள்ளை வெளேரென்று செய்தால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை, அடியில் துளி பழுப்பு என்று ஊசி முனைத் தூரிகையால் தீட்டினால்தான் பல் பல்லாகத் தெரியும். அந்தக் கையோடு அவருக்கு இன்னொரு கிறுக்கும் ஒட்டிக்கொண்டது. நடுவழியில் நின்றுபோன வண்டிகளையும் பள்ளத்தில் சாய்ந்த வண்டிகளையும் கொக்கி மாட்டித் தூக்கி இழுத்துப் போகிறதே ரெக்கவரி வண்டி, அதன் பொம்மைகளைச் சேர்ப்பது. பொம்மை என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். அதிலும் பழைய காலத்து நீள மூக்கு வண்டிகள்தான் வேண்டும். நிஜ வண்டியை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியவை.

இத்தனைக்கும் மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளே தடுமாற்றம். நிஜ ரெக்கவரி வண்டியை அவர் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

பழைய சாமான்களைக் கைமாற்றிவிடும் ஓர் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தபோது அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. ‘பழைய ரெக்கவரி வண்டி. அப்பா வைத்திருந்தது. நல்ல கைக்குப் போனால் போதும், விலை வேண்டாம்’ என்று ஒரு பெண் போட்டிருந்தாள். படத்தில் வெளிறிய மஞ்சள் வண்டி. மரக் கேபின். சக்கரத்தின் மேல் துரு உதிர்ந்து அடியிலிருந்த புல்லில் கிடந்தது. புல்லைக்கூட அவ்வளவு தத்ரூபமாகச் செய்திருந்தார்கள். மாடல்காரர்கள் இப்படித்தான் மண்ணும் செடியும் செய்து, தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் படமெடுப்பார்கள். எவ்வளவுக்கெவ்வளவு நிஜமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கவ்வளவு கைவேலை உசத்தி. பின்னால், வண்டிகளைத் தூக்கும் கம்பத்தின் நுனியில் ஒரு காக்கா வேறு. அந்தக் காக்காவில்தான் ஆள் கவிழ்ந்தார்.

‘பெட்டி இருக்கா?’ என்று எழுதிக் கேட்டார். சேர்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். வண்டி விற்பனைக்கு வந்த அட்டைப்பெட்டியும் கூட இருந்தால் தனி மதிப்பு.

‘பெட்டி இருக்கு. சாமான் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு’ என்று பதில் வந்தது.

‘அளவு?’

‘முழுசா இருக்குங்க.’

ஒரு பாகமும் தொலையவில்லை, முழுசாக இருக்கிறது என்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டார். கொக்கி இறங்குமா என்றார். இறங்கும், கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும் என்றாள். பெயின்ட் யார் அடித்தது என்றார். அப்பா கையாலேயே அடித்தது என்றாள். ‘உங்கப்பா பெரிய கலைஞர்ங்க. அந்தத் துருவைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்’ என்று உருகினார். கடைசியில் மனசு கேட்காமல், ‘அந்தக் காக்காவும் வண்டியோட சேந்து வருமா?’ என்றும் கேட்டுவிட்டார்.

அதற்குப் பதில் வர வெகுநேரம் ஆயிற்று. ‘அது காக்காவோட இஷ்டம்’ என்று வந்தது. குறும்புக்காரப் பெண் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பிறகு அவள் கேட்டாள். ‘உடைக்க மாட்டீங்களே?’

‘ஐயோ, உடைக்கிறதா? என் உசுரு மாதிரி வெச்சுக்குவேன்.’

‘மழையில விடமாட்டீங்களே?’

‘கண்ணாடிக்குள்ளதாங்க வெப்பேன். வாராவாரம் துடைப்பேன். எங்கிட்ட இதே மாதிரி நூறு இருக்கு. வந்து பாத்துட்டே குடுங்களேன்.’

‘அப்பாவே கொண்டுவந்து தரேன்னு சொல்றாங்க’ என்று முகவரி கேட்டாள். அந்த அப்பாவுக்காகத்தான் இன்று வெல்வெட் விரித்தாகிவிட்டது.

முதலில் தம்ளரில் இருந்த தண்ணீர் ஆடியது. அப்புறம் அலமாரிக்குள் நூறு வண்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுத்தன. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டீச்சர் விடைத்தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். தெருவில் யாரோ, "ஏய், ஏய், ஸ்கூட்டர், ஸ்கூட்டரை எடு!" என்று கத்தினார்கள். பல்செட்காரர் துடைக்கிற துணியும் கையுமாக வாசலுக்கு ஓடினார்.

வாசலில் வெளிச்சம் இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தெருவை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் நிறம் நின்றது. அண்ணாந்து பார்த்தார். நீள மூக்கு. மரக் கேபின். சக்கரம் அவர் இடுப்புக்கு வந்தது. கதவில், ‘கூப்பிட்டால் வருவோம்’ என்று எழுத்து. பின்னால் மின்கம்பியைத் தொட்டும் தொடாமலும் தூக்கும் கம்பம். அவர் கண்ட அதே துரு, அதே இடத்தில், அதே வடிவத்தில். நகத்தளவுத் துரு அல்ல, கதவகலத் துரு.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடக் கடவுளே" என்று சொல்ல வாயெடுத்தார், ‘அட’வோடு நின்றுவிட்டது.

"என்னங்க இது?" என்று பின்னாலிருந்து டீச்சரின் குரல் கீச்சென்று வந்தது.

"நூத்தியொண்ணு" என்றார் பல்செட்காரர்.

"அளவு கேக்கவே இல்லையா நீங்க?"

"கேட்டேன். முழுசுன்னாங்க."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வீட்டிலேயே இப்படி ஒரு கணக்கு வந்து வாய்த்தது.

கேபின் கதவு திறந்தது. சலவை மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். மறுபக்கத்திலிருந்து முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் குதித்து ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் அவள் கையைத் தட்டிவிட்டு, பல்செட்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நூறு வண்டிக்காரர் நீங்கதானா தம்பி?"

பல்செட்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கே தெரியாது.

"பொண்ணு நீங்க எழுதினதெல்லாம் படிச்சுக் காட்டிச்சு. கண்ணாடிக்குள்ள வெச்சு வாராவாரம் துடைப்பேன்னு சொன்னீங்களாமே? எனக்கு நம்பவே முடியல. துருவை அழகுன்னு சொல்ற ஆளு ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல நெஜமாவே வண்டியைப் புரிஞ்சவனா இருக்கணும். எதுக்கும் நேர்ல பாத்துடலாம்னு வந்தேன். எங்க அந்த நூறும்? பின்பக்கம் கொட்டகையா?"

அந்த வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடுவதற்கே இடம் பற்றாது. பல்செட்காரர் பெரியவரின் மகள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. கண்ணாலேயே எதையோ கெஞ்சினாள். அது அவருக்கு விளங்கவில்லை.

"உள்ள வாங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்று டீச்சர்தான் சுதாரித்துக்கொண்டாள்.

பெரியவர் உள்ளே வந்தார். உட்காரவில்லை. கண் நேரே அலமாரிக்குப் போயிற்று. நூறு வண்டிகள், விரல் நீளத்தில், சாண் நீளத்தில், சின்னக் கொக்கிகளும் சின்னச் சங்கிலிகளுமாக வரிசையாக நின்றன. நடுவில் சிவப்பு வெல்வெட்டில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. பெரியவர் அந்த இடத்தையே பார்த்தார். கழுத்தைத் திருப்பி வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். மறுபடி அந்த இடத்தைப் பார்த்தார்.

பல்செட்காரருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஐம்பது வயதில் ஒரு பெரிய மனிதரின் முன்னால் பொம்மையோடு பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். அவ்வளவு தூரம் நம்பி வந்தவரை ஏமாற்றிவிட்டோமே என்ற பதைப்பு இன்னொரு பக்கம்.

"அப்பா, இது மாதிரிக்கு வெச்சிருக்கிறது" என்று மகள் படபடவென்று சொன்னாள். "வீடு கட்டறவங்க சின்னதா ஒரு வீடு செஞ்சு வெப்பாங்கல்ல, அதுமாதிரி. பெரிய வண்டி எல்லாம் ஊருக்கு வெளியே ஷெட்டுல இருக்கு. அப்படித்தானே சார்?"

சார் திருதிருவென்று விழித்தார். ஆனால் பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குட்டியா?" என்று சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அப்போ அந்தச் சிவப்புத் துணி என் வண்டியோட குட்டிக்கா தம்பி?"

"ஆமாங்க" என்றார் பல்செட்காரர். அன்று அவர் சொன்ன முதல் பொய்.

"சார், ஒரு நிமிஷம்" என்று மகள் அவரைச் சமையலறைக்குள் தள்ளாத குறையாக அழைத்துப் போனாள். டீ போடுகிற சாக்கில் டீச்சரும் வந்து நின்றாள்.

"நீங்க பொம்மைன்னு நெனச்சுத்தான் பேசறீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள் மகள், குரலை அடக்கிக்கொண்டு.

பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"காக்காவும் சேந்து வருமான்னு கேட்டீங்களே, அப்பவே. நெட்டுல உங்க பக்கத்துல போய்ப் பாத்தேன். இந்த அலமாரி படமெல்லாம் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா கொண்டுவந்தே?"

"வேற வழி இல்ல சார்." அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி நின்ன காலி மனையை வித்துட்டாங்க. எடு எடுன்னு ஒத்தைக் காலில நிக்கறாங்க. வண்டியை வாங்கவும் ஆள் இல்ல. பழைய வண்டி உடைக்கிறவங்ககிட்டப் பேசினேன். அதைச் சொன்னதும் அப்பா படுக்கையைத் தூக்கிட்டுப் போய்க் கேபின்லயே படுத்துக்கிட்டாரு. மழை, குளிர், எதுக்கும் இறங்கல. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பிழைச்சது பெரிய விஷயம். வீட்டுக்கு வந்த மறுநாளே திரும்பக் கேபின். அப்பத்தான் உங்க மெசேஜ் வந்துச்சு. கண்ணாடி, துடைக்கிறது, நூறு வண்டி. படிச்சுக் காட்டினேன். அன்னிக்குத்தான் சார் அவரு கீழ இறங்கி வந்து சாப்பிட்டாரு."

டீ பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சரின்னு சொல்லி வாங்கிக்குங்க, போதும். நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு பஸ்ல போயிடறேன். சாயங்காலம் உடைக்கிற இடத்துல இருந்து ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஏற்பாடு பண்ணியாச்சு. அவருக்குத் தெரியவே வேணாம். வண்டி எங்கேயோ கண்ணாடிக்குள்ள நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

பொம்மை என்று நினைத்து நிஜத்தை வாங்கிய முட்டாள்தனமாவது பல்செட்காரருடையது. இது வேறு. அவருடைய ஆசையையும் அசட்டுத்தனத்தையும் இந்தப் பெண் அப்படியே எடுத்து, ஒரு மனிதரை ஏமாற்றும் கயிறாகத் திரித்துவிட்டாளே! கோபம் வந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் கோபம் நிற்கவும் மாட்டேன் என்றது. பரீட்சையில் எட்டிப் பார்க்கும் பிள்ளையைக்கூட மன்னிக்காத தன் மனைவியாவது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள் என்று திரும்பினார்.

"வாங்கிக்குங்க" என்றாள் டீச்சர். அவள் கண் கலங்கியிருந்தது. "பொய்தான். இருந்தா என்ன? பெரியவர் நல்லா இருக்கட்டும்."

அவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

கூடத்துக்கு வந்தபோது பெரியவர் ஒரு பச்சை வண்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகத்தால் அதன் கொக்கியை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். "என் வண்டியையும் இதே மாதிரிப் பண்ணிடுவீங்களா தம்பி?"

"பண்ணிடுவேங்க" என்றார். அது பொய் இல்லை என்பதால் மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

"சந்தோஷம்." பெரியவர் பச்சை வண்டியைப் பத்திரமாகத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். "அப்போ கிளம்பலாம். வழி சொல்லுங்க. ஷெட்டுல நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

மகளின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "வேணாம்ப்பா. இங்கயே விட்டுட்டுப் போலாம். அவங்க ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க."

"ஆளுங்க வந்து? இதோட கிளட்ச்சு என் காலுக்குத்தான் கேக்கும். வேற எவன் ஓட்டுவான்? நூறு வண்டி நிக்கிற இடத்தை நானும் ஒரு கண்ணு பாத்துடறேனே. எந்தப் பக்கம் தம்பி, வடக்கா தெற்கா?"

சும்மா ஒரு திசையைச் சொல்லியிருக்கலாம். ஷெட் பூட்டியிருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது, ஏதாவது. டீச்சர் பின்னாலிருந்து முதுகில் லேசாகக் கிள்ளினாள். பல்செட்காரர் வாயைத் திறந்தார். பெரியவரோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பன் மாதிரி, பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷெட்டே இல்லீங்க ஐயா" என்றார் பல்செட்காரர். "எங்கிட்ட இருக்கிறது இந்தப் பொம்மைங்க மட்டும்தான். சாயங்காலம் உங்க வண்டியை உடைக்கிறதுக்கு எடுத்துட்டுப் போறாங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது. மாடல் என்று சொல்லாமல் பொம்மை என்று சொன்னதுகூட அப்போது தெரியவில்லை.

"ஐயோ சார்!" மகள் வாயில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா வந்து பாப்பீங்க?"

பெரியவர் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர்த் தம்ளரை நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். இந்த மனிதர் இப்படியே சரிந்துவிட்டால் கொன்ற பாவம் தன்னுடையதுதான் என்று பல்செட்காரர் நினைத்தார்.

"யாரு வந்து எடுக்கிறதா ஏற்பாடு?" என்று கடைசியில் கேட்டார் பெரியவர்.

"அவங்க கிரேன் வரும்ப்பா."

"வந்து?"

"கொக்கி போட்டு இழுத்துட்டுப் போகும்."

"அன்னிக்கும் இதேதானே சொன்ன? கிரேன் வந்து இழுத்துட்டுப் போகும்ப்பான்னு. நான் முடியாதுன்னேன். உடைக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு வயசாயிடுச்சு. எனக்கும் ஆயிடுச்சு. உடைக்க வேண்டியதுதான்னு எனக்குத் தெரியாதா? ஊருல நின்னுபோன வண்டி அத்தனையும் இழுத்த வண்டிம்மா அது. அதுக்கே எவனோ ஒருத்தன் கொக்கி போட்டு, மூக்கைத் தூக்கி, கடைத்தெரு வழியா இழுத்துட்டுப் போவான், நான் ஓரமா நின்னு பாக்கணுமா? அதுக்குத்தான் ஏறிப் படுத்தேன். ஆள் உள்ள இருந்தா கொக்கி போடமாட்டான்ல. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வாங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேனே."

"எப்படிப்பா சொல்லுவேன்?" மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க வண்டியை நீங்களே கொண்டுபோய் உடைக்கக் குடுங்கன்னு பெத்த அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

இத்தனை நாள் காய்ச்சலும் மழையும் பொய்யும் ஒரு வார்த்தைக்காகவா என்று பல்செட்காரருக்குத் திக்கென்றது. பெரியவர் மகள் தலையில் கை வைத்து அழுத்தி, அதையே பிடிமானமாக வைத்து எழுந்தார்.

"நீங்களும் வாங்க தம்பி. நூறு வண்டி வெச்சிருக்கீங்க. ஒண்ணுலயாவது ஏறி உக்காந்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"வாங்க அப்போ."

"போயிட்டு வாங்க" என்றாள் டீச்சர். செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள். அதைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அவர் நின்றிருந்தார்.

ஏறுவதற்கே பல்செட்காரருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நீள பெஞ்சு மாதிரி ஒரே இருக்கை. நடுவில் அவர், ஜன்னலோரம் மகள். பெரியவர் கிளப்பியதும் பல்செட்காரர் இருக்கையோடு ஒரு துள்ளு துள்ளினார். இப்படி ஒரு சத்தத்தை அவர் கற்பனைகூடச் செய்ததில்லை. காலடி இரும்பு தகித்தது. மற்றவர் வாய்க்குப் பல் கட்டுகிறவருக்குத் தன் வாயின் பல்லெல்லாம் கழன்றுவிடும் போல் ஆடியது. எத்தனையோ கேபின்களுக்கு உள்ளே கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். ஒன்றில்கூட இந்த எண்ணெய் நாற்றம் இருந்ததில்லை. மாடலை எப்போதும் மேலிருந்து பார்த்துப் பழகியவருக்கு, தெருவும் கடைகளும் ஆட்களும் கீழே சிறுத்துப்போய்த் தெரிந்தது பயமாகவே இருந்தது.

பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காது. கடைத்தெருவில் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டுக் கையைத் தூக்கினார். பெரியவர் பதிலுக்கு ஒரு தடவை ஹாரன் அடித்தார். மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. "ஏறு, ஏறு, அவ்வளவுதான்" என்று அதனிடம் முணுமுணுத்தார். மேடு ஏறியதும் பல்செட்காரர் தன்னை மறந்து "ஏறிடுச்சுங்க!" என்று கத்திவிட்டார். எங்கே போகிறோம் என்பது அடுத்த நொடியே நினைவு வந்து, முகம் செத்துப்போய்க் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

உடைக்கிற இடத்தின் தகரக் கேட்டுக்குள் கதவுகள் ஒரு குவியலாகவும் இருக்கைகள் ஒரு குவியலாகவும் கிடந்தன. ஒரு பக்கம் தீப்பொறி பறந்தது. மகள் இறங்கி அங்கிருந்த ஆளிடம் பேசப் போனாள். அவன் வண்டியைப் பார்த்து, "அட, ஓடி வந்துடுச்சா? கிரேனை அனுப்ப இருந்தோமே!" என்று ஆச்சரியப்பட்டான். மண் தரையில் ஓர் இடத்தைக் கைகாட்டினான். பெரியவர் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், நேராக நிறுத்தினார். கோணலாக நிறுத்தினால்தான் என்ன, இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுக்கப் போகிறார்கள். அவர் நேராகத்தான் நிறுத்தினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

மகள் பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆளும் பார்த்தான். பெரியவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றார் பல்செட்காரர்.

"தம்பி, இது பழைய டீசல். சாவியைத் திருப்பினா நிக்காது. அந்தா, அந்தக் கறுப்புக் குமிழை இழுத்துப் பிடிக்கணும்."

"சரிங்க."

"எத்தனையோ ஆயிரம் தடவை நிறுத்தியிருக்கேன். காலையில கிளப்பலாம்னுதான் நிறுத்துவேன். இன்னிக்குக் கை போகமாட்டேங்குது." அவர் திரும்பவில்லை. "நீங்க இழுத்துடுங்க."

என்னால் முடியாது என்று சொல்ல நினைத்தார் பல்செட்காரர். வீட்டில் அவ்வளவு பெரிய உண்மையைச் சட்டென்று போட்டு உடைத்தவருக்கு இப்போது அந்தச் சின்ன வார்த்தை வரவில்லை. கையை நீட்டினார். குமிழ் சூடாக இருந்தது. இழுத்தார்.

வண்டி ஒரு தடவை குலுங்கியது. இன்னொரு தடவை குலுங்கியது. பிறகு காலடியில், இருக்கையில், கதவில், அவர் பல்லில் இருந்த நடுக்கமெல்லாம் ஒன்றாக அடங்கிப்போனது. எங்கோ இரும்பு அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சுங்க" என்றார் பல்செட்காரர். குமிழை இழுத்த கையை அவர் இன்னும் விடவில்லை.